அட்டெண்டன்ஸ் குறைந்து டீடெயின் ஆனால் திரும்பக் கல்லூரியில் சேர்வது எப்படி: அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நோட்டீஸ் போர்டில் டீடெயின் லிஸ்ட், அதாவது வருகைப் பதிவு குறைந்ததால் பரீட்சை எழுதத் தடுக்கப்பட்டவர்களின் பட்டியல், ஒட்டியதும் நிறையப் பேர் செய்வது இரண்டு காரியம். வீட்டில் சொல்லாமல் மறைப்பார்கள், இல்லையென்றால் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். ஒரு வருடத்தோடு முடிய வேண்டிய இழப்பு இரண்டு மூன்று வருடமாக நீள்வது இங்கேதான். நான் பார்த்தவரை டீடெயின் ஆனதாலேயே படிப்பை விட்டவர்கள் ரொம்பக் குறைவு. அதற்கப்புறம் கொடுக்க வேண்டிய ஒரு விண்ணப்பத்தை நேரத்துக்குக் கொடுக்காமல் விட்டு, அப்படியே படிப்பும் விட்டுப்போனவர்கள்தான் அதிகம். அதனால் எதை எப்போது யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை விவரமாகவே எழுதுகிறேன்.

இது அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பி.இ., பி.டெக். படிப்பவர்களுக்கானது. உங்கள் கல்லூரி ஆட்டோனமஸ் (தன்னாட்சி) என்றால் அடிப்படை இதேதான், ஆனால் கல்லூரிக்கென்று தனி ரெகுலேஷன் (விதிமுறை) புத்தகம் இருக்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி மாதிரியான வளாகக் கல்லூரிகளில் வருகைப் பதிவைப் பாடவாரியாகப் பார்ப்பார்கள். இணைப்புக் கல்லூரிகளில் அந்த செமஸ்டரின் எல்லாப் பாடங்களையும் சேர்த்து மொத்தமாகப் பார்ப்பார்கள்.

முதலில் உங்கள் நிலை என்னவென்று பாருங்கள்

அரியர் (பாஸ் ஆகாத பாடம்) மட்டும்தான் பிரச்சினை என்றால் ரீஅட்மிஷன், அதாவது மறுசேர்க்கை, என்ற பேச்சே இல்லை. எத்தனை அரியர் இருந்தாலும் வருகைப் பதிவு சரியாக இருந்தால் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம், அரியரைப் பின்னால் எழுதிக்கொள்ளலாம். ஆனால் முதல் செமஸ்டர் தொடங்கிய நாளிலிருந்து மொத்தம் 7 வருடம், அதாவது 14 செமஸ்டர்தான் கெடு. டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் வருடத்தில் சேர்ந்தவர்களுக்கு 12 செமஸ்டர். இந்தக் கெடு டீடெயின் ஆன காலத்துக்காகவும் நிற்காது, பிரேக் எடுத்த காலத்துக்காகவும் நிற்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். கெடு தாண்டியவர்களுக்குப் பல்கலைக்கழகம் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அறிவித்திருக்கிறது. அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதை நம்பி உட்காராதீர்கள்.

வருகைப் பதிவு 75 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 65-க்கும் 75-க்கும் நடுவில் இருந்தால் மருத்துவச் சான்றோ விளையாட்டில் பங்கேற்ற சான்றோ கொடுத்துப் பரீட்சை எழுதலாம், இதைத்தான் காண்டொனேஷன் என்கிறோம். 65-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது, அடுத்த செமஸ்டருக்கும் போக முடியாது. அடுத்த கல்வியாண்டில் அதே செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும்.

லிஸ்ட் இன்னும் வரவில்லையா? இந்தப் பகுதி உங்களுக்குத்தான்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஒரு வருடத்தையே காப்பாற்றக்கூடிய விஷயம் இங்கே இருக்கிறது.

கணக்கைப் போட்டுவிடலாம். ஒரு செமஸ்டருக்கு 540 பீரியட் என்று வைத்துக்கொள்வோம். 75 சதவீதம் என்றால் 405 பீரியட், 65 சதவீதம் என்றால் 351. அதாவது 135 பீரியட் வரை விட்டால் எந்தச் சான்றும் தேவையில்லை, 189 வரை விட்டால் சான்றோடு தப்பிக்கலாம், அதற்கு மேல் ஒன்று விட்டாலும் கதை முடிந்தது. உங்கள் கல்லூரியில் உண்மையில் எத்தனை பீரியட் நடந்தது என்பதை வகுப்பு ஆலோசகரிடம் கேட்டு, அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள். செயலியில் காட்டும் சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள், சில ஆசிரியர்கள் வாரக்கணக்கில் சேர்த்துவைத்துப் பதிவேற்றுவார்கள். கல்லூரி சார்பாகப் போட்டிக்கோ சிம்போசியத்துக்கோ போன நாட்களுக்கு ஓடி (ஆன் டியூட்டி, அதாவது வந்ததாகக் கணக்கிடும் அனுமதி) ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு பாடமாகப் பாருங்கள். ஓடி கடிதத்தில் ஹெச்ஓடி (துறைத் தலைவர்) கையெழுத்து இருந்தும் லேப் ரெஜிஸ்டரில் ஆப்சென்ட் என்றே கிடப்பது சாதாரணமாக நடக்கும். அப்படி விட்டுப்போன பத்துப் பன்னிரண்டு பீரியட்தான் சிலருக்கு 64-ஐ 66 ஆக்கியிருக்கிறது.

காண்டொனேஷனுக்கு மருத்துவச் சான்று கொடுக்கும்போது, அதிலிருக்கும் தேதியும் நீங்கள் வராத தேதியும் ஒத்துப்போக வேண்டும். ஜூரம் வந்து பத்து நாள் படுத்திருந்தால், குணமான வாரத்திலேயே மருத்துவரிடம் சான்று வாங்கிக் கல்லூரியில் கொடுத்துவிடுங்கள். செமஸ்டர் கடைசியில் பழைய தேதி போட்டு வாங்கும் சான்றை ஆபீஸில் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் உண்மையான சான்றைக் கொடுத்தாலும் நம்பமாட்டார்கள். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, பில் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். மறுசேர்க்கைக்கும் இதே தாள்கள்தான் உதவும்.

இனி என்ன செய்தாலும் 65 வராது என்று தெரிந்துவிட்டது, அதற்குக் காரணமும் நியாயமானது என்று வையுங்கள். விபத்து, அறுவை சிகிச்சை, நீண்ட நாள் உடல்நலக் குறைவு, மனநல சிகிச்சை, இப்படி ஏதோ ஒன்று. அப்போது டீடெயின் லிஸ்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிரேக் ஆஃப் ஸ்டடிக்கு விண்ணப்பியுங்கள். செமஸ்டர் நடுவில் படிப்பைத் தற்காலிகமாக நிறுத்தி அடுத்த வருடம் திரும்ப வர ரெகுலேஷனே வழி கொடுத்திருக்கிறது. சரியான காரணம் இருந்தால் ஒரு வருடம் வரை, பொதுவாகப் படிப்புக் காலம் முழுவதற்கும் ஒரே ஒரு முறை கிடைக்கும். அந்த செமஸ்டர் பரீட்சைக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதிக்குள், பிரின்சிபால் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போயிருக்க வேண்டும். காரணத்தையும், எப்போது திரும்பி வருவீர்கள் என்பதையும் அதில் எழுத வேண்டும்.

இரண்டு வழியிலும் ஒரு வருடம் போகத்தான் போகிறது, அப்புறம் எதற்கு இந்த அலைச்சல் என்று கேட்பீர்கள். பட்டம் வாங்கும்போது வித்தியாசம் தெரியும். ஒரு செமஸ்டரிலாவது வருகைப் பதிவு குறைந்து பரீட்சையிலிருந்து தடுக்கப்பட்டிருந்தால் டிஸ்டிங்ஷன் கிடைக்காது, சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி) எவ்வளவு இருந்தாலும் சரி. அனுமதி வாங்கிய பிரேக் என்றால் அந்த ஒரு வருடத்தையும் சேர்த்து 5 வருடத்துக்குள், எல்லாப் பாடத்தையும் முதல் முறையிலேயே பாஸ் செய்து, 8.5 சிஜிபிஏ எடுத்தால் டிஸ்டிங்ஷன் உண்டு. ஃபர்ஸ்ட் கிளாஸ் விஷயம் வேறு. டீடெயின் ஆனவர்களும் அந்த ஒரு வருடத்தோடு சேர்த்து 5 வருடத்தில் முடித்துத் தேவையான சிஜிபிஏ வைத்திருந்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கலாம். "இனிமேல் கிளாஸே வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

லிஸ்டில் பெயர் வந்துவிட்டது

அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். கஷ்டம்தான், அப்பா கத்துவார், அம்மா அழுவார். ஆனால் அடுத்து வரும் ஒவ்வொரு தாளிலும் பெற்றோர் கையெழுத்து கேட்பார்கள், எப்படியும் தெரியத்தான் போகிறது. நேரில் சொல்ல வாய் வரவில்லை என்றால் அக்காவையோ சித்தப்பாவையோ பேசச் சொல்லுங்கள். மனம் ரொம்பவும் உடைந்துபோனால், உயிரையே விட்டுவிடலாம் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால், 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவி இருக்கிறது, 104-ம் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ஒரு செமஸ்டரை மறுபடி படித்துவிட முடியும். அந்த நேரத்தில் உங்கள் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதுதான் முக்கியம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஏன் வகுப்புக்குப் போகவில்லை என்று விசாரிப்பதை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். தூக்கம் இல்லாமல், சாப்பாடு இல்லாமல், அறையை விட்டு வெளியே வராமல் மாதக்கணக்கில் கிடந்த பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை, மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்து, டிசி வாங்காதீர்கள். கோபத்தில் "டிசியைக் குடுங்க, நான் போறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போன பிள்ளைகள் உண்டு. டிசி வாங்கிவிட்டால் கல்லூரிப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், அப்புறம் அதே இடத்துக்குத் திரும்புவது பல மடங்கு சிக்கல். டீடெயின் ஆன மாணவருக்கு டிசி தேவையே இல்லை.

அப்புறம் எந்த செமஸ்டர், வருகைப் பதிவு எத்தனை சதவீதம், எந்தத் தேதியிலிருந்து தடுக்கப்பட்டீர்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. இதுவரை கட்டிய எல்லாக் கட்டண ரசீதுக்கும், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலுக்கும், கவுன்சிலிங் ஒதுக்கீட்டு ஆணைக்கும் நகல் எடுத்துவையுங்கள்.

இடையில் சும்மா இருக்கும் மாதங்களில் பழைய அரியர் இருந்தால் எழுதுங்கள். தடுக்கப்பட்ட செமஸ்டர் பாடங்களைத்தான் எழுத முடியாது, அதற்கு முந்தைய அரியரை எழுதத் தடையில்லை. ஆனால் பரீட்சைப் பதிவு கல்லூரி வழியாகத்தான் நடக்கும். நீங்கள் ஊரில் இருந்தால் தேதி தெரியாமல் போய்விடும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெட்கப்பட்டு வெளியேறாதீர்கள், அறிவிப்பு எல்லாம் அதில்தான் வருகிறது.

மறுசேர்க்கை விண்ணப்பம்

ஒற்றைப்படை செமஸ்டர் ஆடி ஆவணி வாக்கில்தான் தொடங்கும், இரட்டைப்படை தை மாசி வாக்கில். மூன்றாம் செமஸ்டரில் டீடெயின் ஆனவர் அடுத்த வருட மூன்றாம் செமஸ்டரில்தான் சேர முடியும், நடுவில் நான்கில் போய் உட்கார முடியாது. அதனால் வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே கல்லூரி ஆபீஸில் போய் நில்லுங்கள். ஒற்றைப்படை என்றால் மே மாதம், இரட்டைப்படை என்றால் நவம்பர். வகுப்பு தொடங்கிய பிறகு போனால், ஆணை வருவதற்குள் மூன்று நான்கு வாரம் ஓடிவிடும், அந்த வாரங்களுக்கான ஆப்சென்ட்டைத் தாண்டிப் புது செமஸ்டரிலும் 75 எடுக்கத் திணற வேண்டியிருக்கும். ரீஅட்மிஷன் வாங்கியும் இரண்டாவது தடவை டீடெயின் ஆவது இப்படித்தான் நடக்கிறது.

விண்ணப்பம் போகும் வழி இது. நீங்கள் எழுதும் கடிதம் பெற்றோர் கையெழுத்தோடு ஹெச்ஓடியிடம் போகும், அவர் பரிந்துரைத்தால் பிரின்சிபாலுக்கு. அங்கிருந்து கல்லூரி அதைக் கிண்டியில் இருக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு அனுப்பும். அங்கே மறுசேர்க்கை ஆணை போட்ட பிறகு கல்லூரியில் சேர்ந்து, பல்கலைக்கழகப் பதிவிலும் பெயர் ஏற வேண்டும். நீங்கள் நேராகக் கிண்டிக்கு ஓடிப் பயனில்லை, எதுவானாலும் கல்லூரி வழியாகத்தான். ஆனால் கல்லூரி அனுப்பிவிட்டதா, எந்தத் தேதியில், என்ன கடித எண் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஃபைல் கிளார்க் மேசையில் மூன்று வாரம் தூங்கியதால் ஒரு வருடம் போன கதை நிறைய உண்டு. வாரம் ஒரு முறை மரியாதையாகப் போய் "சார், அந்த ரீஅட்மிஷன் ஃபைல் போயிடுச்சா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

கடிதத்தில் என்ன எழுதுவது? பெரும்பாலும் இப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள்: "தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாகக் கல்லூரிக்கு வர இயலவில்லை. இனி ஒழுங்காக வருவேன் என்று உறுதி கூறுகிறேன்." இதைப் படிக்கிற ஹெச்ஓடிக்கு எதுவும் புரியாது, பரிந்துரைக்கவும் மனம் வராது. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"மூன்றாம் செமஸ்டரில் என் வருகைப் பதிவு 58 சதவீதம். ஆகஸ்ட் கடைசியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். வீட்டில் வேறு ஆள் இல்லாததால் ஐந்து வாரம் நான்தான் உடனிருந்தேன். டிஸ்சார்ஜ் சம்மரி இணைத்திருக்கிறேன். திரும்பி வந்த பிறகும் பகுதிநேர வேலைக்குப் போனதால் காலை வகுப்புகளை விட்டேன். இப்போது அப்பா தேறிவிட்டார், மாமா வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்கிறார், அவர் எழுதிக் கொடுத்த கடிதமும் இணைப்பில் உள்ளது. வேலையை விட்டுவிட்டேன். இந்த இடைவெளியில் இரண்டாம் செமஸ்டர் கணித அரியரை எழுதிப் பாஸ் செய்துவிட்டேன். மூன்றாம் செமஸ்டரில் மறுபடி சேர அனுமதிக்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன்."

சதவீதம், காரணம், அதற்கான தாள், இப்போது என்ன மாறியிருக்கிறது, இடையில் என்ன செய்தீர்கள், எல்லாம் ஒரு பக்கத்தில் வந்துவிட்டது. தன் பக்கத் தப்பையும் மறைக்கவில்லை. ஆசிரியர் மேல் பழி போடாதீர்கள், உண்மையாகவே அவர் பக்கம் தவறு இருந்தாலும் அதைத் தனிப் புகாராகக் கொடுங்கள். கூடவே மதிப்பெண் பட்டியல் நகல்கள், கட்டண ரசீதுகள், மருத்துவத் தாள்கள், கல்லூரி கொடுத்த வருகைப் பதிவு விவரம் எல்லாவற்றையும் வையுங்கள். ஆபீஸில் தரும் படிவத்தில் படிப்பை நிறுத்திய தேதி, செமஸ்டர், கவுன்சிலிங்கில் வந்தீர்களா மேனேஜ்மெண்ட் கோட்டாவா என்று கேட்டிருப்பார்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் தேதியும் படிவத்தில் இருக்கும் தேதியும் ஒன்றாக இருக்கட்டும், இந்த ஒரு முரணுக்காகவே ஃபைல் திரும்பி வரும்.

சேர்ந்த பிறகு: ரெகுலேஷன் மாறியிருந்தால்

பலர் கவனிக்காமல் விட்டு, கடைசி வருடத்தில் போய் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நீங்கள் திரும்பிச் சேரும்போது எந்த ரெகுலேஷன் நடப்பில் இருக்கிறதோ அதுதான் இனி உங்களுக்கு. பல்கலைக்கழகம் 2017, 2021, 2025 என்று சில வருடத்துக்கு ஒரு முறை பாடத்திட்டத்தை மாற்றுகிறது. ஒரு ரெகுலேஷனின் கடைசி பேட்சில் சேர்ந்து டீடெயின் ஆனால், திரும்ப உட்காரும் ஜூனியர் பேட்ச் புது ரெகுலேஷனில் இருக்கும். நீங்கள் ஏற்கெனவே பாஸ் செய்த சில பாடம் அவர்களுக்கு வேறு பெயரில் இருக்கலாம், அவர்கள் முதல் வருடத்தில் படித்த ஏதோ ஒன்றை நீங்கள் படித்தே இருக்க மாட்டீர்கள்.

இதைச் சரிக்கட்ட, சேர்ந்த செமஸ்டரின் தொடக்கத்திலேயே பிரின்சிபால் வழியாகப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பாடப்பிரிவு இயக்குநருக்கு (டைரக்டர், அகாடமிக் கோர்சஸ்) விண்ணப்பித்து, எந்தப் பாடம் சமமானது, எவற்றைக் கூடுதலாகப் படிக்க வேண்டும் என்று பட்டியல் வாங்க வேண்டும். கல்லூரியே செய்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். ஜூனியர் பேட்ச் பாடத்திட்டத்தையும் உங்கள் பழைய மதிப்பெண் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்களே ஒரு அட்டவணை போட்டு எடுத்துக்கொண்டு போனால் ஹெச்ஓடிக்கு வேலை பாதி குறையும். வந்த பட்டியலின் நகலைப் பட்டம் கையில் வரும்வரை பத்திரமாக வையுங்கள்.

ஜூனியர் வகுப்பில் போய் உட்கார முதல் இரண்டு வாரம் கூச்சமாக இருக்கும். அவர்கள் "அண்ணா", "அக்கா" என்று கூப்பிடுவார்கள். பின் பெஞ்சில் ஒதுங்காமல் லேப் பேட்சிலும் ப்ராஜெக்ட் குழுவிலும் சீக்கிரமே சேர்ந்துவிடுங்கள். தனியாக உட்காருபவர்கள்தான் மறுபடி வகுப்பைக் கட் அடிக்க ஆரம்பிக்கிறார்கள்.

பணம்

மறுபடி படிக்கும் செமஸ்டருக்குக் கட்டணம் மறுபடி உண்டு. எவ்வளவு என்பதை எழுத்தில் கேளுங்கள், ரசீது இல்லாமல் "ரீஅட்மிஷன் ஃபீஸ்" என்று எதையும் கையில் கொடுக்காதீர்கள். முதல் பட்டதாரி சலுகை, உதவித்தொகை, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்களின் கட்டணம், புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் எல்லாம் திரும்பப் படிக்கும் காலத்துக்கும் தொடருமா என்பதைக் கல்லூரியில் உதவித்தொகை பார்க்கும் அலுவலரிடம் சேரும் முன்பே கேட்டு, வீட்டுச் செலவைத் திட்டமிடுங்கள்.

கல்விக் கடன் இருந்தால் வங்கியிடம் மறைக்காதீர்கள். வங்கியின் கணக்கில் உங்கள் படிப்பு பழைய தேதியிலேயே முடிந்துவிடும், அதிலிருந்து ஒரு வருடம் கழித்துத் தவணை கேட்பார்கள். மறுசேர்க்கை ஆணையின் நகல், படிப்பு முடியும் புதுத் தேதி போட்ட போனஃபைட் சான்று, ஒரு கடிதம், இந்த மூன்றையும் கிளையில் கொடுத்துக் கால நீட்டிப்பு கேளுங்கள். கட்டாத தவணை சிபில் மதிப்பெண்ணை, அதாவது கடன் வாங்கும் தகுதிக்கான மதிப்பெண்ணைத் தின்றுவிட்டால், அது படிப்பு முடிந்தபிறகும் துரத்தும்.

ஒழுங்கு நடவடிக்கையில் சஸ்பெண்ட் ஆனவர்களுக்கு

இதன் பாதை வேறு. சஸ்பென்ஷன் ஆணை எழுத்தில் வேண்டும், குற்றச்சாட்டு என்ன, எத்தனை நாள் என்று அதில் இருக்க வேண்டும். விசாரணைக் குழு கூப்பிட்டால் போய், உங்கள் விளக்கத்தை எழுத்தாகவே கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். சஸ்பென்ஷன் நாட்களை வருகைப் பதிவில் எப்படிக் கணக்கிடுவார்கள் என்று அன்றைக்கே கேளுங்கள், இல்லையென்றால் பத்து நாள் சஸ்பென்ஷன் செமஸ்டர் முடிவில் டீடெயினாக வந்து நிற்கும்.

ராகிங் விவகாரத்தில் இணைப்புக் கல்லூரி போட்ட ஆணையை எதிர்த்து, 2009 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி துணைவேந்தரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் தமிழ்நாடு 1997 ராகிங் தடைச் சட்டத்தில் நீதிமன்றம் தண்டித்துவிட்டால், அந்தக் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவதோடு வேறு எந்தக் கல்வி நிறுவனத்திலும் சேர்க்கக் கூடாது. அங்கே ரீஅட்மிஷன் என்ற கதவே இல்லை. வழக்கு என்று வந்துவிட்டால் முதல் நாளே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கல்லூரி விண்ணப்பத்தை வாங்கவே மறுத்தால்

முதலில் பதிவுத் தபாலில் பிரின்சிபாலுக்கு அனுப்புங்கள், அல்லது கல்லூரியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கு. தேதி பதிவாகிவிடும். அசைவில்லை என்றால் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் புகார் கொடுங்கள். யுஜிசியின் 2023 விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் அந்தக் குழு இருக்க வேண்டும், புகார் வந்த 15 வேலை நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

"மொத்த வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் தருவோம்" என்று மிரட்டினால், ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று யுஜிசி 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டதைக் கடிதத்தில் எழுதிக் கேளுங்கள். சண்டை போட வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம். கேட்பதை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் கேட்டாலே பல ஆபீஸ்களில் ஃபைல் நகர ஆரம்பித்துவிடும். இந்த வாரமே தொடங்குவதாக இருந்தால், கல்லூரி ஆபீஸில் கேட்க வேண்டிய முதல் தாள் உங்கள் வருகைப் பதிவு விவரம், அடுத்தது மறுசேர்க்கைப் படிவம்.